எண்ணெயாகப் புறப்பட்டு ஜெல்லாகத் திரும்பிய மருந்து

தஞ்சாவூர் மெடிக்கல் கடைகளில் முகப்பருவுக்கு விற்கும் டியூப்களை எடுத்துப் பாருங்கள். சிலவற்றின் மேல் ‘டாப்சோன் 5 சதவீதம்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். வாங்கிப் போகும் இளைஞர்களுக்கு அது இன்னொரு பரு மருந்து, அவ்வளவுதான். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் டாப்சோன் என்றால் புரியாது, ‘டி.டி.எஸ். மாத்திரை’ என்றால் சட்டென்று புரிந்துவிடும். தொழுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்த வெள்ளை மாத்திரை அது. கும்பகோணம் பக்கத்துச் சாக்கோட்டைத் தொழுநோய் மருத்துவமனையை அறிந்த தலைமுறைக்கு அந்த மூன்றெழுத்து மிகவும் பழக்கம். மாத்திரையும் ஜெல்லும் ஒரே வேதிப்பொருள்தான். ஆனால் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்த மருந்தைத் தோலின் மேல் நிற்கவைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் வங்காளத்துக் கடைவீதி, ஹவாய் தீவுகள், கறவை மாடு, செங்கல்பட்டு என்று எதிர்பாராத ஊர்களும் ஆட்களும் வருகிறார்கள்.

தோல் நோய்க்கு மருந்தைத் தோலின் மேலேயே போடுவது நம் வைத்தியர்களின் பழைய வழக்கம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். நாட்டு வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. அங்கிருந்து வந்த மருத்துவக் குறிப்புகளைத்தான் சரசுவதி மகால் நூலகம் நோய்வாரியாகப் பிரித்து, ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று பல தொகுதிகளாகப் பிற்காலத்தில் அச்சிட்டது. சித்த மருத்துவத்தில் வெளிப்பூச்சுக்கென்றே தைலம், களிம்பு, மெழுகு, பற்று என்று தனித்தனி வகைகள் உண்டு. குங்கிலிய வெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கடைந்து கழுவுவார்கள். பழுப்பு நிற எண்ணெய் மெல்ல வெளுத்து வெண்ணெய்ப் பதத்துக்குத் திரளும். எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்து நிற்கும் அந்தப் பதம்தான், இன்றைய மருந்துக் கம்பெனிகள் ‘கிரீம்’ என்று சொல்வது.

தொழுநோய்க்கு அந்தக் காலத்து எண்ணெய் நீரடிமுத்திலிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம்; மலையாளிகள் மரோட்டி என்பார்கள். அதன் வடகிழக்குச் சொந்தம் வங்காளத்திலும் பர்மாவிலும் சால்மூக்ரா என்ற பெயரில் விற்பனையாயிற்று. கல்கத்தாவில் இருந்த ஃபிரெடரிக் மோவாட் என்ற ஆங்கில மருத்துவர் 1854இல் இந்த எண்ணெயின் பயனைப் பற்றி எழுத, ஐரோப்பா அதைத் தேட ஆரம்பித்தது. தேடியதில் ஒரு குழப்பம். கடைக்கு வந்த விதைகளைப் பார்த்தவர்கள் அவற்றை வேறொரு மரத்தின் பெயரில் பதிவு செய்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் பாடநூல்களில் தவறான மரமே இருந்தது. உண்மையான விதை எந்த மரத்துடையது என்பது 1900ஐ ஒட்டித்தான் தெளிவாயிற்று.

மரத்தைக் கண்டுபிடித்தாலும் எண்ணெய் வழிக்கு வரவில்லை. குடித்தால் குமட்டியது. மேலே பூசினால் போதிய அளவு உள்ளே இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினால் கெட்டியான எண்ணெய் சதைக்குள் கரையாமல் கட்டிக்கொண்டு வலித்தது. மருந்து கையில் இருந்தும் உடம்புக்குள் சேர்க்கும் வழி கையில் இல்லை. இந்த முடிச்சை 1915இல் அவிழ்த்தவர் ஹவாய் தீவுகளின் ஹொனலூலுவில் வேதியியல் படித்துக் கற்பித்த ஆலிஸ் பால் என்ற 23 வயது கறுப்பினப் பெண். எண்ணெயிலுள்ள அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, உடம்பு ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்தார். முறை அவர் பெயரிலேயே வழங்கியது. ‘இது பாலின் முறை’ என்று ஹாரி ஹோல்மன் என்ற மருத்துவர் 1922இல் எழுதிவைத்ததால்தான் அந்தப் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது.

இதற்குள் ஜெர்மனியில் வேறொன்று பிறந்துவிட்டது. சாயத் தொழில் வளர்த்துவிட்ட வேதியியல் அங்கே உச்சத்தில் இருந்த காலம். 1908இல் ஃபிரைபர்க் நகரில் எமில் ஃப்ரோம், யாக்கோப் விட்மன் என்ற இருவர் டைஅமினோ டைஃபீனைல் சல்ஃபோன் என்ற வெள்ளைப் பொடியைத் தயாரித்தார்கள். அதன் சுருக்கம்தான் டி.டி.எஸ். அது மருந்து என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அதே 1908இல் வியன்னாவில் பால் கெல்மோ சல்ஃபனிலமைடைத் தயாரித்தார். அதுவும் மருந்து என்று அவருக்குத் தெரியாது. நூற்றாண்டின் இரண்டு பெரிய கிருமிக்கொல்லிகள் கால் நூற்றாண்டுக்கு மேல் அலமாரியில் சும்மா இருந்தன.

1935இல் கெர்ஹார்ட் டோமாக் பிராண்டோசில் என்ற சிவப்புச் சாயம் கிருமியைக் கொல்கிறது என்று அறிவித்தார். அந்தச் சாயத்துக்குள் வேலை செய்வது சல்ஃபனிலமைடுதான் என்று பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் விரைவிலேயே காட்டியது. அது காப்புரிமை காலாவதியான பழைய பொருள் என்பதால் ஆளாளுக்குத் தயாரிக்க இறங்கினார்கள். அமெரிக்காவின் டென்னசியில் ஒரு கம்பெனி, குழந்தைகள் குடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று 1937இல் அதை இனிப்பு மருந்தாக்கியது. நீரில் கரையாத பொடியைக் கரைக்க அவர்கள் எடுத்தது டைஎத்திலீன் கிளைக்கால். சோதித்துப் பார்க்காமலே விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்; அவர்களில் பலர் குழந்தைகள். கொன்றது மருந்து அல்ல, அதைக் கரைத்த திரவம். மருந்தை விற்பதற்கு முன் அதன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற 1938ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. கரைப்பான் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஜெல்லுக்குள் அது மறுபடி வரும்.

அதே 1937இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் டி.டி.எஸ்ஸை அலமாரியிலிருந்து இறக்கி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சல்ஃபனிலமைடைவிடப் பல மடங்கு வீரியம். நச்சும் அதற்கேற்ப அதிகம். மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கினார்கள். ஆனால் மாட்டுக்கு ஆயிற்று. கறவை மாடுகளின் மடிநோய்க்குக் கால்நடை மருத்துவர்கள் அதைக் கையாண்டார்கள். மனிதருக்கென்று அதன் நச்சைக் குறைத்த சகோதரப் பொருள்களைக் கம்பெனிகள் போட்டி போட்டுத் தயாரித்தன. பார்க்-டேவிஸ் புரோமின் கொண்டுவந்தது, அபாட் டையசோன், பரோஸ் வெல்கம் சல்ஃபெட்ரோன். 1941இல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் இல்லத்தில் கை ஃபேஜெட் புரோமினை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தார். பல காலம் ஆறாத புண்கள் ஆறத் தொடங்கின.

புரோமின் விலை அதிகம். நாள்தோறும் ரத்தக்குழாயில் ஊசி போட வேண்டும். இந்தியக் கிராமங்களுக்கு அது எட்டாது. செங்கல்பட்டு திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரன் வேறு கணக்குப் போட்டார். அந்த விலையுயர்ந்த பொருள்கள் உடம்புக்குள் உடைந்து தாய்ப்பொருளான டி.டி.எஸ்ஸையே தருகின்றன என்றால், தாய்ப்பொருளையே கொடுத்தால் என்ன? மாட்டுக்குப் போட்ட மருந்தை எண்ணெயில் கலந்து 1940களின் நடுவில் நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். வேலை செய்தது. இந்தியாவில் பல ஆண்டு பணியாற்றிவிட்டு நைஜீரியாவின் உசுவாகோலிக்குப் போயிருந்த ஜான் லோ இன்னும் ஒரு படி முன்னே போனார். ஊசியே வேண்டாம், நாளுக்கு 100 மில்லிகிராம் அளவில் வாய்வழி கொடுத்தால் போதும் என்று காட்டினார். பயந்து ஒதுக்கிய மருந்தின் நச்சுக்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். அளவைக் குறைத்ததும் காசுக்குக் கிடைக்கும் வெள்ளை மாத்திரை ஆனது.

மாத்திரை வந்ததும் மருத்துவமனையின் சுவர் இடிந்தது. 1955இல் பெல்ஜியத்து மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் மதுராந்தகம் பக்கத்துப் பொளம்பாக்கத்துக்கு வந்து மரத்தடி மருத்துவமனைகளைத் தொடங்கினார். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சாலையோர மரத்தடிக்கு வண்டி வரும். நோயாளிகள் வரிசையில் நின்று பரிசோதித்துக்கொண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவருடன் வேலை செய்த கிளேர் வெலூட் பின்னாளில் இந்தியக் குடிமகளாகவே ஆனார். நோயாளியை ஊரிலிருந்து பிரித்து இல்லத்தில் அடைத்த காலம் போய், மருந்து நோயாளியின் ஊருக்கு வந்தது. வயல் வேலை செய்யும் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது காவிரி டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். தொழுநோய் முதலில் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் பறிக்கிறது. அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு நெல்தாள் குத்தியது தெரியாது. உலைப்பானையைத் தூக்கியவருக்குக் கை வெந்தது தெரியாது. விரல்களை அழிப்பது பெரும்பாலும் கிருமி நேராகச் செய்யும் வேலை அல்ல. வலி தெரியாததால் கவனிக்காமல் விட்ட புண்.

ஒரே மாத்திரையை நம்பியதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பிலிருந்து டாப்சோனுக்கு அடங்காத கிருமி பற்றிய செய்தி வந்தது. 1982இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோனோடு ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் இரண்டையும் சேர்த்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் அட்டையில் ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் வரிசையாக இருக்கும். முதல் நாளுக்குரியது தனியே, சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்க. மற்ற நாள்களுக்குரியது வீட்டில். அந்தத் தினசரி வரிசையில் டாப்சோன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கிடையே தோல் மருத்துவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். கிருமியே இல்லாத சில கொப்புள நோய்களும் டாப்சோனுக்குக் கட்டுப்பட்டன. கிருமிக்கு ஃபோலேட் கிடைக்காமல் தடுப்பது இந்த மருந்தின் ஒரு வேலை. வீக்கத்தை உண்டாக்கும் வெள்ளணுக்களை அடக்குவது இன்னொரு வேலை. சீழ் கட்டிச் சிவந்து வலிக்கும் பருவில் நடப்பதும் இந்த வீக்கம்தான். கடுமையான பருக்களுக்கு டாப்சோன் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனும் இருந்தது. ஆனால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைத் தரலாம். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உதடு நீலம் பாரிக்கவும் செய்யலாம். முகத்தில் நாலு பருவுக்காக உடம்பு முழுவதையும் இந்த ஆபத்துக்கு உட்படுத்துவது நியாயமா? 1982இல் ஐசோட்ரெட்டினாயின் வந்ததும் டாப்சோன் பரு சிகிச்சையிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. பருவின் மேல் மட்டும் டாப்சோனைப் போட முடிந்தால் நன்றாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஆசையாக மட்டும் நின்றது.

ஆசைக்குக் குறுக்கே நின்றது அந்தப் பொடியின் குணம். டாப்சோன் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. பொடி செய்து களிம்பில் கிளறினால் மணல் துகளாக மேலேயே கிடக்கும், தோலுக்குள் இறங்காது. கரைப்பானில் கரைத்துவிட்டால் இன்னொரு தொல்லை: நாள்பட அல்லது குளிர்ந்தால் கரைந்தது மறுபடி படிகமாகி டியூபின் ஒரு பக்கம் மருந்து குவியும், மறு பக்கம் வெறும் பசையாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் இத்தகைய அமின் பொருள்கள் நிறம் மாறும். இவை எல்லாவற்றுக்கும் மேல் தோலே ஒரு தடை. அதன் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிசு. ஆனால் நன்றாக வேய்ந்த வைக்கோல் கூரை மழையை வழிய விடுவதுபோல, அது தன்மேல் விழுவதில் பெரும்பகுதியை உள்ளே விடாது. மூலக்கூறு எடை 500க்குள் இருந்தால்தான் நுழைய வாய்ப்பு என்பது மருந்தாக்கத் துறையில் பொதுவான கணக்கு. டாப்சோனின் எடை 248. நுழைய முடியும், கரைந்த நிலையில் வந்தால்.

வழியைக் கண்டது அமெரிக்காவின் கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் ஊரில் இருந்த அட்ரிக்ஸ் ஆய்வகம். அவர்கள் எடுத்த கரைப்பான் டைஎத்திலீன் கிளைக்கால் மோனோஎத்தில் ஈதர். 1937இல் குழந்தைகளைக் கொன்ற திரவத்தின் பெயர் இதற்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் பொருள் வேறு. பழைய நச்சு கலப்படமாக ஒட்டியிருக்காதபடி மிகத் தூய்மையாக்கினால் தோலுக்குப் பயன்படுத்தத் தக்கது. அதில் டாப்சோனின் ஒரு பகுதியைக் கரைத்தார்கள். மறு பகுதியை நுண்துகளாகவே விட்டார்கள். கரைந்தது தோலுக்குள் இறங்கும். துகள் இருப்பாக நிற்கும். பிறகு பசைப் பதம். கார்போமர் என்ற பொடியைத் தண்ணீரில் கலக்கினால் நீர்த்துப் புளிப்பாக இருக்கும். அதில் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டதும் புளிப்பு அடங்கி, பொடியின் இழைகள் விரிந்து கலவை முழுதும் கெட்டியான ஜெல்லாக எழும்பி நிற்கும். துகள்கள் அடியில் படியாமல் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். 5 சதவீத ஜெல்லை விரலில் எடுத்துத் தேய்த்தால் லேசாக நறநறக்கும். அது பழுதடைந்ததன் அடையாளம் அல்ல. திட்டமிட்டு வைத்த இருப்பு மருந்து.

கெடாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்கும் முறை உண்டு. 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்து நிறம், கெட்டித்தன்மை, அமில அளவு, மருந்தின் அளவு எல்லாவற்றையும் அளப்பார்கள். நம் கத்திரி வெயிலில் பூட்டிய அறைக்குள் டியூப் படும் பாட்டை ஏறத்தாழ அது படம்பிடிக்கிறது. டியூபின் மேல் ‘25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருப்பதை டெல்டாக் கோடையில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுமார் 3,000 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். ஜெல் பூசியவர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில் தெளிந்தார்கள். மருந்தே சேர்க்காத வெறும் ஜெல்லைப் பூசியவர்களிலும் நூற்றுக்கு 33 பேர் அளவில் தெளிந்தார்கள். வித்தியாசம் சிறியது, ஆனால் உண்மையானது. பெரிய வெற்றி வேறிடத்தில் இருந்தது. ரத்தத்துக்குள் போன டாப்சோன், 100 மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் போவதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. 2005 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஆக்சோன் என்ற பெயரில் ஜெல்லை அனுமதித்தது. முதலில் ஜி6பிடி பரிசோதனை கட்டாயமாக இருந்தது. அந்தக் குறைபாடு உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்த பிறகு 2008இல் கட்டாயத்தை நீக்கினார்கள். அட்ரிக்ஸை கியூஎல்டி வாங்கியது; கியூஎல்டியிடமிருந்து ஆக்சோனை ஆலர்கன் வாங்கியது; 2016இல் ஒரு நாளைக்கு ஒரு முறை பூசும் 7.5 சதவீத ஜெல் வந்தது. நகல் தயாரிப்பாளர்களும் வந்தார்கள்; இந்தியக் கடைகளுக்கும் ஜெல் வந்து சேர்ந்தது. ஜெல் அனுமதி பெற்ற அதே 2005இன் டிசம்பரில்தான் இந்தியாவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே போயிற்று.

விழுங்கும் மருந்து பூசும் மருந்தான வழியில் டாப்சோன் தனியாகப் போகவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினாக்சிடில் மாத்திரை முடி வளர்த்ததால் 1988இல் தலையில் தடவும் திரவமாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. புழு நோய்களுக்கு விழுங்கும் ஐவர்மெக்டின், முகச் சிவப்பு நோய்க்கு 2014இல் கிரீம் ஆனது. நடவு முடித்து வந்தவர்கள் முட்டியில் தேய்க்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் முதலில் மாத்திரைதான். இவற்றில் எதிலும் மூலக்கூறு புதிதல்ல. புதிதாக இருந்தது அதைச் சுமந்து செல்லும் பசையும் கரைப்பானும்தான். மருந்தைக் கண்டுபிடித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. அதை உடம்பு ஏற்கும்படி பதம் செய்தவரும் அதே அளவு மருந்து செய்தவர்தான் என்று ஆலிஸ் பால் முதல் அட்ரிக்ஸ் ஆய்வகம் வரை இந்தக் கதை சொல்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு மூன்று சொல். டாப்சோன் மாத்திரையைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசாதீர்கள். மேலே சொன்ன அத்தனை வேலையும் அதில் நடந்திருக்காது. பென்சாயில் பெராக்சைடு பூசிய இடத்திலேயே டாப்சோன் ஜெல்லையும் பூசினால் தோல் தற்காலிகமாக மஞ்சளாகும். மருத்துவரிடம் இரண்டையும் சொல்லுங்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியம்: ஜெல் தொழுநோய்க்கு மருந்தல்ல. உடம்பில் எங்காவது நிறம் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அதன் மேல் பஞ்சு பட்டது தெரியவில்லை என்றால், பரு மருந்தும் தேமல் களிம்பும் வாங்கி நாளைக் கடத்த வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நரம்பு கெடுவதற்கு முன் போனால் ஊனமில்லாமல் முழுதும் குணமாகும்.